முதலில் பேசுகிறவர்

நான் மாறவில்லை. நான் மாறிவிட்டதாக நானே சொல்லும் காணொளி ஒன்று இணையத்தில் இருக்கிறது. அதை நம்ப வேண்டாம்.

அந்தக் காணொளியில் ஊதா நிறச் சட்டை போட்டுக்கொண்டு மேடையில் நிற்கிறேன். கடைக்காரரிடம் மீதிச் சில்லறை கேட்கக்கூடப் பயந்தவள் நான் என்கிறேன். கூட்டம் சிரிக்கிறது. விருந்தாளி வந்தால் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு உட்கார்ந்திருப்பேன் என்கிறேன். இன்னும் சிரிக்கிறது. கடைசியில் கையை உயர்த்தி, "இன்னிக்கு நான் பேசறவ" என்கிறேன். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். மேடை ஓரத்தில் அம்மா கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள்.

சில்லறையும் குளியலறையும் உண்மை. கடைசி வரி அம்மா எழுதியது. மொத்தப் பேச்சையும் அவள்தான் எழுதினாள். நான் மனப்பாடம் செய்தேன். பாசிகளின் வகைப்பாட்டை ஒரு வரி விடாமல் ஒப்பித்துத் தேர்வு எழுதியவளுக்கு இது பெரிய காரியமில்லை. ஒப்பிப்பது வேறு, பேசுவது வேறு. ஒப்பிக்கும்போது எதிரே யாரும் இருக்க வேண்டியதில்லை.

அம்மா வாழ்க்கைப் பயிற்சியாளர். வேலையில் தேங்கி நிற்பவர்கள், வேலையை விட நினைப்பவர்கள், வீட்டில் வாயடைத்துப் போனவர்கள் என்று பலர் அவளிடம் வருவார்கள். எங்கள் முன்னறையில் இரண்டு நாற்காலிகளைச் சற்றுக் கோணலாகப் போட்டிருப்பாள். நேருக்கு நேர் போட்டால் விசாரணை மாதிரி ஆகிவிடும், பக்கத்தில் போட்டால் பேருந்து மாதிரி ஆகிவிடும் என்பாள். வந்தவர்கள் அழுவார்கள். பிறகு நிமிர்ந்து போவார்கள். அதை நான் குறை சொல்லமாட்டேன். பலர் நன்றாகத்தான் ஆனார்கள். பூட்டிய இரும்புப்பெட்டி மாதிரி இருந்த ஒரு வங்கி அலுவலர், அம்மாவிடம் வந்துபோன பிறகு வேலையை விட்டு நாய்களுக்கு முடி வெட்டுகிற கடை வைத்தார். இப்போது எங்களைத் தெருவில் பார்த்தால் நாயோடு சேர்ந்து ஓடிவருகிறார்.

பயிற்சியாளர் ஆக விரும்புகிறவர்களுக்கும் அம்மா வகுப்பு எடுத்தாள். அவர்களுக்கு அவள் சொல்லித்தரும் முதல் வித்தை இது: கேள்வியைக் கேள், பிறகு வாயை மூடிக்கொள். எதிரே இருப்பவரின் மனம் அந்த மௌனத்தில்தான் வேலை செய்யும். பொறுக்கமாட்டாமல் நீயே பேசிவிட்டால் போச்சு. "முதல்ல பேசறவங்க தோத்தாங்க" என்று பலகையில் எழுதிக் கோடு போடுவாள்.

இந்த வித்தையை வீட்டில் என்னிடமும் காட்டிப் பார்ப்பாள். கல்லூரியில் இன்றைக்கு யாரிடம் பேசினாய் என்று கேட்டுவிட்டு, தலையை லேசாகச் சாய்த்துக்கொண்டு காத்திருப்பாள். நான் பிஸ்கட்டைத் தேநீரில் நனைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருப்பேன். குக்கர் கத்தும். அம்மா திட்டிக்கொண்டே எழுந்து போவாள். வீட்டில் அவள் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை.

அண்ணன் எனக்கு வைத்த பெயர் சைலன்சர். அம்மாவின் கூட்டங்களில் ஒலிபெருக்கி, படக்கருவி, திரை எல்லாம் அவன் பொறுப்பு. அப்பா கார் ஓட்டுவார், நாற்காலி அடுக்குவார், கூட்டம் தொடங்கியதும் வெளியே போய் மரத்தடியில் நின்றுகொள்வார். நான் யாருடைய மகள் என்று அப்போது தெரிந்துவிடும்.

கூட்டத்தில் திரையில் இரண்டு படங்கள் வரும். ஒன்று 'முன்பு'. இன்னொன்று 'பின்பு'. 'பின்பு' படத்தில் ஊதாச் சட்டையும் மைக்கும். 'முன்பு' படத்தில் நான் தலையைக் குனிந்திருக்கிறேன். தோள் வளைந்திருக்கிறது, முகம் தெரியவில்லை. பார்க்கிறவர்கள் உச்சுக்கொட்டுவார்கள்.

அந்தப் படம் கல்லூரி ஆய்வகத்தில் எடுத்தது. நான் நுண்ணோக்கியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன். குளத்து நீரில் டயட்டம் என்கிற பாசி. கண்ணாடியால் ஓடு கட்டிக்கொள்ளும் ஒற்றைச் செல். படகு போல ஒன்று, தானாகவே நகர்ந்து போய்க்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அதைவிடச் சந்தோஷமாக நான் இருந்ததாக நினைவில்லை. அம்மா படத்தில் நுண்ணோக்கியை வெட்டிவிட்டாள். மிச்சம் இருந்தது ஒரு குனிந்த பெண்.

அதற்கும் நான் ஒன்றும் சொல்லவில்லை. முதல் கூட்டத்தின்போது வந்தவர்களைவிடக் காலி நாற்காலிகள் அதிகம். அம்மா மேடைக்குப் பின்னால் நின்று அவற்றைத் திரும்பத் திரும்ப எண்ணிக்கொண்டிருந்தாள். எனக்கு மனசு கேட்கவில்லை. அவளுக்காக ஏறினேன், ஒப்பித்தேன், இறங்கினேன். அண்ணன் படம் பிடித்தான். அவ்வளவுதான் என்று நினைத்தேன்.

பிறகுதான் தண்ணீர்ப் பரிசோதனைக் கூடத்தின் விளம்பரம் வந்தது.

ஏரி, நீர்த்தேக்கம், தொழிற்சாலைக் கழிவு எல்லாவற்றிலிருந்தும் அங்கே புட்டிகளில் தண்ணீர் வரும். பாசிகளை இனம் பிரித்து எண்ணிச் சொல்ல நுண்ணோக்கிப் பிரிவுக்கு ஓர் ஆள் வேண்டும். அந்த அறையை நேர்முகத்தின்போது பார்த்தேன். ஜன்னலில் கறுப்புத் திரை. ஒரு மேசை, ஒரு உயரமான நாற்காலி, நல்ல நுண்ணோக்கி. குளிர்பெட்டியின் மெல்லிய உறுமல். வேறு சத்தம் கிடையாது. எனக்குப் பிறந்த வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது.

கூடத்தின் தலைவர் ஓர் அம்மாள். எல்லோரும் அவரை டாக்டர் என்றார்கள். ஊசி போடுவாரா என்று அண்ணன் பிறகு கேட்டான். அவர் ஒரு தண்ணீர் மாதிரியைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். பார்த்து, எண்ணி, எழுதிக் கொடுத்தேன். அவர் தானும் பார்த்துவிட்டுத் தலையசைத்தார். வெளியே வந்தபோது வானத்தில் நடந்தேன்.

அடுத்த வாரம் கடிதம் வந்தது. வேலை உண்டு, நுண்ணோக்கிப் பிரிவில் இல்லை, வாடிக்கையாளர் தொடர்பில், முன்மேசையில்.

நேரில் போனேன். டாக்டர் கணினியைத் திருப்பிக் காட்டினார். ஊதாச் சட்டை.

"இப்படிப் பேசற பொண்ணை அந்த இருட்டு ரூம்ல உக்கார வெச்சா எனக்குப் பாவம் பிடிக்கும்மா" என்றார்.

அது நான் இல்லை என்று சொல்லத் தொடங்கினேன். 'அது' வந்தது. 'நான்' பாதியில் நின்றது. டாக்டர் சிரித்தார். எவ்வளவு தன்னடக்கம் என்றார். முன்மேசையில் உட்காரும் பெண்ணையும் கூப்பிட்டு, பேசத் தெரிந்தவர்கள் எப்படி அடக்கமாக இருக்கிறார்கள் பார் என்றார்.

நுண்ணோக்கி நாற்காலிக்கு இன்னொருவரை யோசித்து வைத்திருந்தார். அடுத்த வெள்ளிக்கிழமை மாலை அவருக்குச் சொல்லிவிடுவாராம். அதற்குள் நான் முன்மேசைக்குச் சம்மதம் சொல்ல வேண்டும். அதே வெள்ளிக்கிழமை காலையில் கூடத்து ஊழியர்களுக்கு ஒரு பயிற்சிக் கூட்டம் ஏற்பாடு செய்திருக்கிறார். பயிற்சி தர வருவது யார் என்று கேளுங்கள். காணொளியின் அடியில் அம்மாவின் எண் இருந்ததாம்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கேட்டேன். டாக்டரிடம் உண்மையைச் சொல்லிவிடு, அது நீ எழுதிக் கொடுத்த பேச்சு என்று. அம்மா துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிப்பதை நிறுத்தவில்லை.

"எல்லாரும் முன்னாடி வந்து உக்காரத் துடிக்கறாங்க. உனக்குத் தானா வருது. நீ பின்னாடி போறேங்கறே."

எனக்கு முன்னால் வேண்டாம், உள்ளேதான் வேண்டும் என்றேன்.

அப்போது அவள் மடிப்பதை நிறுத்தினாள். பயிற்சியாளர் ஆவதற்கு முன்னால் அவள் ஒரு காப்பீட்டு அலுவலகத்தில் இருந்தாள். கோப்புகளைச் சரிபார்க்கிற வேலை. வேலையில் சுத்தம், வாயில் பூட்டு. அவள் கண்டுபிடித்த பிழைகளை வேறு யாராவது போய்ச் சொல்லிப் பேர் வாங்கிக்கொள்வார்களாம். "நான் வேலை கத்துக் கொடுத்தவ ஒருத்தி எனக்கே மேலதிகாரியா வந்து உக்காந்தாடி" என்றாள். "என்னை என் பேர் சொல்லிக் கூப்பிட்டா. அன்னிக்கு பாத்ரூம்ல குழாயைத் திறந்துவிட்டுட்டு உக்காந்திருந்தது யார் தெரியுமா? நான்."

எனக்கு அது தெரியாது. குழாய் என் சொந்தக் கண்டுபிடிப்பு என்று இருந்தேன்.

"அது உன் கதைம்மா" என்றேன்.

"அப்போ உன் கதையை நாலு பேர் முன்னாடி நீயே சொல்லு, பார்க்கலாம்" என்றாள். கேள்வி கேட்காமலே ஜெயித்துவிட்டாள்.

நாலு பேர் முன்னால் சொல்லத்தான் போகிறேன் என்று முடிவு செய்தேன். வெள்ளிக்கிழமை அவள் என்னை எழுப்பி நிற்கவைத்ததும், இது பொய் என்று போட்டு உடைத்துவிடுவது. இரண்டு நாள் கண்ணாடி முன்னால் பழகினேன். அண்ணன் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தான்.

"சைலன்சர், நீ எழுந்து அம்மாவையே எதிர்த்துப் பேசினா என்ன ஆகும்னு நினைக்கறே?" என்று கேட்டான். "கூச்சப்படற பொண்ணு, அத்தனை பேர் முன்னாடி, பெத்த தாயையே எதிர்த்து. கைதட்டு கூரையைப் பிச்சுக்கும். அம்மா அதையே அடுத்த வீடியோவாப் போடுவாங்க. நான்தான் எடிட் பண்ணணும்."

சரியாகச் சொன்னான். பேசினால் மாறிவிட்டேன் என்று அர்த்தம். மாறவில்லை என்று பேசினாலும் மாறிவிட்டேன் என்று அர்த்தம். எந்தப் பக்கம் திரும்பினாலும் ஊதாச் சட்டை. தப்பவே முடியாத சோதனை இது. எந்த முடிவு வந்தாலும் கருதுகோள் சரி என்று காட்டுகிற சோதனையை எங்கள் பேராசிரியர் குப்பையில் போடச் சொல்வார்.

கண்ணாடி முன்னால் பழகுவதை விட்டுவிட்டேன்.

வெள்ளிக்கிழமை. கூடத்தின் கூட்ட அறையில் நாற்காலிகளை அப்பா அடுக்கிவிட்டு வெளியே போனார். மாதிரி எடுத்துவருகிறவர்கள் ரப்பர் பூட்ஸோடு வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார்கள். முன்மேசைப் பெண், கணக்குப் பிரிவு, வேதியியல் பிரிவு, எல்லோரும் வந்தார்கள். டாக்டர் முதல் வரிசையில். நான் அவருக்குப் பக்கத்து நாற்காலியில், ஊதாச் சட்டையில். அம்மா இஸ்திரி போட்டு வைத்திருந்தாள்.

அம்மா நன்றாகப் பேசினாள். எப்போதும் நன்றாகத்தான் பேசுவாள். பூட்ஸ்காரர்கள்கூடச் சிரித்தார்கள். பிறகு 'முன்பு' படம் வந்தது. உச்சுக்கொட்டினார்கள். டாக்டர் உச்சுக்கொட்டவில்லை, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு படத்தை உற்றுப் பார்த்தார். பிறகு 'பின்பு' படம். அம்மா என்னைக் கையைப் பிடித்து எழுப்பினாள். மைக் கையில் வந்தது. அவள் என் தோளைத் தொட்டுக் கேட்க வேண்டியதைக் கேட்டாள்.

"அப்போ, இன்னிக்கு நீ யார்?"

நான் கையை உயர்த்த வேண்டும். இன்னிக்கு நான் பேசறவ.

கையை உயர்த்தவில்லை. பேசவில்லை.

அம்மா சிரித்த முகத்தோடு தலையைச் சாய்த்துக் காத்திருந்தாள். சபைக்கு அது பிடித்தது. இதுவும் பயிற்சியின் ஒரு பகுதி என்று நினைத்தார்கள். யாரோ பேனாவை மூடிவைத்தார்கள். காது சுட்டது. அத்தனை கண்களும் என் மேல் இருந்தன. ஓடிப்போக வேண்டும் போல் இருந்தது. ஆனால் ஓடினால் அது 'முன்பு' படம். பேசினால் 'பின்பு' படம். நான் இரண்டிலும் இல்லை. நின்றேன்.

ஒலிபெருக்கியில் கோளாறு என்று நினைத்து அண்ணன் பின்னால் எதையோ திருகினான். இரைச்சல் எழுந்து அடங்கியது. பிறகு அவனுக்கும் புரிந்திருக்க வேண்டும், கையை எடுத்துவிட்டான். பக்கத்து அறையில் குளிர்பெட்டி உறுமுவது கேட்டது. என் அறையில் இருக்கும் குளிர்பெட்டி. நாற்காலிகள் முனகத் தொடங்கின. ஒருவர் இருமினார், அவரைப் பார்த்து இன்னொருவர் இருமினார். எல்லோருக்கும் கஷ்டமாக இருந்தது. எனக்கு மட்டும் மெல்ல மெல்லச் சுலபமாகிக்கொண்டு வந்தது. மௌனம் என் வீடு. எந்தச் சுவர் எங்கே இருக்கிறது என்று இருட்டிலும் எனக்குத் தெரியும். அம்மா அதில் வாடகைக்கு வந்தவள், கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விடுவாள்.

அம்மாவின் தலை இன்னும் சாய்ந்திருந்தது. சிரிப்பு மட்டும் முகத்தில் மாட்டிய மாதிரி ஆகிவிட்டது. என்னையே பார்த்தாள். இங்கே குக்கர் இல்லை. நான் அவளைப் பார்த்தேன். கோபமாக இல்லை. நன்றாகப் பார்த்துக்கொள் என்று காட்டினேன், அவ்வளவுதான்.

அவள் சிரிப்பு போனது. தலை நிமிர்ந்தது.

"என்னடி வேணும் உனக்கு?" என்றாள்.

மேடைக் குரல் இல்லை. துணி மடிக்கிற குரல். என் கையிலிருந்த மைக் அதைப் பிடித்து அறை முழுக்கக் கொடுத்துவிட்டது. அம்மா அதுவரை என்னிடம் கேட்ட கேள்விகள் எல்லாவற்றுக்கும் பதில் அவளிடமே இருந்தது. இதற்கு இல்லை.

மைக்கை அவளிடம் கொடுத்தேன். அண்ணனைப் பார்த்தேன்.

"அந்தப் படத்தை முழுசாப் போடு."

மெல்லத்தான் சொன்னேன். அவனுக்குக் கேட்டது. கொஞ்சம் தேடினான். திரையில் அதே குனிந்த பெண் வந்தாள். இப்போது அவளுக்கு முன்னால் நுண்ணோக்கி இருந்தது. வலது கை கண்ணாடித் தட்டை நகர்த்துகிறது, இடது கை திருகியில் இருக்கிறது. பின்வரிசையிலிருந்து ஒரு பூட்ஸ்காரர், "அட, வேலை பாத்துக்கிட்டிருக்காங்கப்பா" என்றார். அறை சிரித்தது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார். "நானும் என்னவோ உதைக்குதேன்னு பாத்தேன். என்ன சாம்பிள் அது?"

குளத்துத் தண்ணீர் என்றேன். டயட்டம் என்றேன். நடுவில் இரண்டு இடத்தில் நின்றுவிட்டேன். அவர் காத்திருந்தார். அது வித்தைக்காகக் காத்திருப்பது இல்லை, பதில் தெரிந்துகொள்ளக் காத்திருப்பது, வித்தியாசம் தெரியும். அது நகர்ந்துகொண்டிருந்தது என்றேன். அதை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை என்றேன். எனக்கு அந்த இருட்டு அறைதான் வேண்டும் என்றேன்.

முன்மேசைப் பெண் கைதட்டத் தொடங்கினாள். இன்னும் சிலர் சேர்ந்துகொண்டார்கள். பார், பேசிவிட்டாள் பார் என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது. அம்மா மைக்கை வாயருகே கொண்டுபோனாள். இதோ முடித்துவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவளுக்கு ஒரு வரி போதும்.

"கைதட்டாதீங்க" என்றாள் அம்மா. "அவளுக்குப் பிடிக்காது."

பிறகு எல்லோரையும் தேநீர் குடிக்கப் போகச் சொன்னாள். தேநீருக்கு இன்னும் நேரம் இருந்தது.

டாக்டர் என்னை நடைவழியில் நிறுத்தினார். முன்மேசைக் கடிதத்தைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "திங்கக்கிழமை வந்துடு. முன்னாடி இல்ல, உள்ள" என்றார். இரண்டடி போய்விட்டுத் திரும்பினார். "ஒண்ணு. தண்ணியில விஷப்பாசி இருந்தா வாய் தொறந்து சொல்லணும். என்கிட்ட, நேர்ல, உடனே. அங்க கூச்சம் கீச்சம்லாம் கிடையாது."

சொல்வேன் என்றேன். அதற்கு யாரும் எனக்கு எழுதிக் கொடுக்க வேண்டியதில்லை.

காரில் அம்மா பேசவில்லை. அப்பா கண்ணாடியில் அவளை இரண்டு முறை பார்த்தார். அவர் பிழைப்பில் இது புதிது. நான் பாதி வழியில் ஊதாச் சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிவிட்டேன், கழுத்தை அறுத்துக்கொண்டிருந்தது.

"அடுத்த கூட்டத்துக்கு நான் யாரைக் காட்டுவேன்?" என்று கடைசியில் அம்மா யாரிடமும் இல்லாமல் கேட்டாள்.

"நான் இருக்கேன்ல?" என்றான் அண்ணன். "முன்பு சோம்பேறி. பின்பு சோம்பேறி. ஒரே படம் போதும், செலவு மிச்சம்."

அம்மா சிரித்துவிட்டாள். பிறகு அழுதாள். பிறகு ஜன்னலைத் திறக்கச் சொன்னாள்.

காணொளியை அவள் எடுக்கவில்லை. அதை வைத்துத்தான் ஆட்கள் வருகிறார்கள் என்கிறாள். நான் எடுக்கச் சொன்னேன், சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அதனால்தான் முதலிலேயே சொன்னேன், நம்ப வேண்டாம் என்று. 'முன்பு' படத்தை மட்டும் நிறுத்திவிட்டாள்.

இப்போது ஒரு மாதமாகக் கறுப்புத் திரைக்குள் உட்கார்ந்திருக்கிறேன். புட்டிகள் வருகின்றன. பார்க்கிறேன், எண்ணுகிறேன். போன வாரம் ஒரு நீர்த்தேக்கத்து மாதிரியில் விஷம் கக்கும் நீலப்பச்சைப் பாசி மண்டிக் கிடந்தது. எழுந்து போய் டாக்டரின் கதவைத் தட்டாமலே திறந்து சொன்னேன். திக்கவில்லை. அன்றைக்கு வீட்டுக்கு வரும் வழியில் கடைக்காரர் மீதியைத் தரவில்லை. கேட்காமல் வந்துவிட்டேன்.

நேற்று மாலை அம்மா எனக்கும் அவளுக்கும் தேநீர் போட்டுக்கொண்டு வந்து எதிரே உட்கார்ந்தாள். நாற்காலியைச் சற்றுக் கோணலாகத் திருப்பினாள். எனக்கு உடனே தெரிந்துவிட்டது. முழுப் படத்தை, நுண்ணோக்கியோடு இருப்பதை, புதிய கூட்டங்களில் போட்டுக்கொள்ளட்டுமா என்று கேட்டாள். தனக்கான வேலையைக் கண்டுகொண்ட பெண் என்று தலைப்பாம். பேச வேண்டியதில்லையாம், மேடை ஏற வேண்டியதில்லையாம், படம் மட்டும்தானாம்.

கேட்டுவிட்டுத் தலையைச் சாய்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டாள்.

நான் ஒரு பிஸ்கட்டை எடுத்துத் தேநீரில் நனைத்தேன்.